எழுத்தில் இல்லாத நரி

தோட்டத்துக்காரர்களுக்கு அது பிள்ளை மடுவம். வயதானவர்கள் பிள்ளைக்காம்பரா என்பார்கள். பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம். காலையில் பெரட்டுக்கு ஓடுகிற அம்மா பிள்ளையையும் பால் போத்தலையும் ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு, படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். பசறைப் பக்கமானாலும் மடுல்சீமையானாலும் ஹப்புத்தளையானாலும், அப்படி விடப்பட்ட பிள்ளை முதலில் பார்க்கிற அச்சுப் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: சுவரில் ஆணி அடித்து மாட்டிய உயிரெழுத்து அட்டை. அணில், ஆடு, இலை, ஈ என்று போய், ஒ வந்ததும் ஓர் ஒட்டகம் நிற்கும். ஊவாவின் எந்த மலையில் ஒட்டகம் மேய்ந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்பதற்கு அந்தப் படத்தில் இடமுமில்லை. ஒட்டகம் எங்கேயும் போகவில்லை, எதையும் தின்னவில்லை, யாருக்கும் பயப்படவில்லை. எழுத்தை மாட்டிவைக்க ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கென்று அச்சாகும் படங்களில் பெரும்பகுதி இந்தக் கொக்கி வகை. எழுத்து 'ஆடு' என்றால் படம் ஆட்டைக் காட்டும். 'மழை பெய்தது' என்றால் நாலு கோடு இழுத்து மழையைக் காட்டும். சொன்னதையே திருப்பிச் சொல்கிற படத்தை ஐந்து வயதுப் பிள்ளை எத்தனை நேரம் பார்க்கும்? ஒரு தடவை பார்த்து, பக்கத்தைப் புரட்டி, இன்னொரு தடவை புரட்டி, பிறகு புத்தகத்தைச் சுருட்டி வைத்துக் கொண்டு பக்கத்திலிருக்கிற பிள்ளையை அடிக்கப் பார்க்கும். குறை பிள்ளையிடம் இல்லை.

இதற்கு நேர் எதிரான புத்தகம் ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதைக் காட்டிக் காட்டி ஓரம் நைந்துவிட்டது என்றாலும் அதை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடைப்பதில்லை. பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1968இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்'. ரோஸி என்ற கோழி கூட்டிலிருந்து இறங்கி, பண்ணையைச் சுற்றி நடந்து, திரும்பி வருகிறது. முழுப் புத்தகமும் ஒரே வாக்கியம், மொத்தம் 32 சொற்கள். அந்தச் சொற்களில் நரி இல்லை. படத்தில்தான் நரி இருக்கிறது; ஒவ்வொரு பக்கத்திலும் கோழிக்குப் பின்னால், பாயப் போகிற நிலையில். பக்கத்தைப் புரட்டினால் அது குளத்தில் விழுந்திருக்கும், இன்னொரு புரட்டலில் வைக்கோலுக்குள் புதைந்திருக்கும். கோழிக்கு எதுவும் தெரியாது. வாசித்துக் காட்டுகிற பெரியவரும் சொற்களை மட்டும் வாசித்தால் நரியைப் பற்றி வாய் திறக்க முடியாது. அறையில் நரியைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பிள்ளைதான். அது சொல்லாமல் இருக்காது, கத்தும்.

இந்தக் கத்தலில்தான் எல்லாமே இருக்கிறது என்பது என் கட்சி. நல்ல வண்ணம், பெரிய எழுத்து, வழவழப்பான தாள், சிரித்த முகம் என்று நாம் அடுக்குவதெல்லாம் பிறகுதான். எழுத்துக்குத் தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் பிள்ளையை அறிந்தவராக்க வேண்டும். வீட்டில், பள்ளியில், கோயிலில், எங்கே போனாலும் 'உனக்குத் தெரியாது, சும்மா இரு' என்று கேட்டே வளர்கிற ஓர் உயிருக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாக்கியம் ஒருபடி கூடுதலாகவே காதில் விழுகிறது. லயத்தில் சொல்வார்கள், டவுனுக்கு இறங்கினால் அங்கேயும் சொல்வார்கள்.

ஹட்சின்ஸின் ஒற்றை வாக்கியம் தமிழுக்கு வரும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆங்கிலத்தில் வினை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு பக்கமும் மேலே, கீழே, ஊடே என்று இடத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறது. தமிழிலோ அவையெல்லாம் வினையெச்சங்களாகிவிடும்: கடந்து, சுற்றி, ஏறி, நுழைந்து, குனிந்து. முற்று வினைக்காக வாக்கியம் கடைசிப் பக்கம் வரைக்கும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். படக்கதைக்கென்றே செய்துவைத்த மொழி என்று சொல்லத் தோன்றுகிறது. 'மழை வந்து, காத்து அடிச்சு, கதவு திறந்து, விளக்கு அணைஞ்சு...' இங்கே பக்கத்தைப் புரட்டாமல் எந்தப் பிள்ளையால் இருக்க முடியும்? ஆனால் நம் மொழிபெயர்ப்புகள் இந்தச் செல்வத்தைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் வாக்கியத்தை முடித்து, புள்ளி வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். மூலத்தில் இருந்த ஓட்டம் தமிழில் படிக்கட்டாகிவிடுகிறது. அம்மாயிமார் சொல்கிற கதையைப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. அவர்கள் 'வந்து', 'போயி', 'பாத்து' என்று எச்சத்திலேயே நிறுத்துவார்கள். கேட்கிறவர் 'ம்' கொட்டிய பிறகுதான் கதை நகரும்.

அந்த 'ம்' பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் சகாக்களும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படப்புத்தகத்தை வெறுமனே வாசித்துக் காட்டாமல், பிள்ளையிடம் கேட்டு, அது சொல்வதை நீட்டி, திரும்பச் சொல்லவைத்து வாசிக்கும்படி பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளின் பேச்சைவிடத் தெளிவாக முந்தியது. 'உரையாடல் வாசிப்பு' என்ற பெயரில் இன்று உலகெங்கும் முன்பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்படுவது இதுதான். ம் கொட்டாவிட்டால் கதை சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கிழவியிடம் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி பழைய சங்கதி. மற்றப் பாதி புதிது. நம் மரபில் கேட்பவர் ஆமோதிக்கிறார்; படக்கதையில் பிள்ளை மறுக்கிறது, விரலை நீட்டிக் காட்டுகிறது, முந்திக்கொள்கிறது.

மரபு என்று வரும்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தமிழில் பிள்ளைகளுக்கு எழுதியவர்கள் காதுக்கு எழுதினார்கள். நாவலர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாலபாடங்களை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது மனனம் செய்கிற வாய். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு இன்றைக்கும் கூழ் வாசத்தோடு நினைவுக்கு வருகிறதென்றால் அது ஓசையின் வெற்றி. தமிழ்நாட்டில் அழ. வள்ளியப்பா செய்ததும் அதுவே. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியதில் தாலாட்டும் உண்டு. கேட்பதற்கு நமக்கு இருநூறு ஆண்டுச் சொத்து இருக்கிறது. பார்த்து வாசிக்கிற பழக்கம்தான் அச்சில் பின்தங்கிப் போனது. ஐரோப்பாவில் கொமேனியஸ் பிள்ளைகளுக்கான படநூலை 1658இலேயே அச்சிட்டுவிட்டார் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அதுவும் கொக்கி வகைதான். ஆனால் கண்ணைப் பழக்கிய கொக்கி.

அச்சில்தான் என்று சொன்னேன். ஏனென்றால் மாசி மாதம் காமன் பொட்டலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பார்த்து வாசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மன்மதன் எரியப் போகிறான் என்பது அதற்குப் போன வருடமே தெரியும். அதற்கு முந்திய வருடமும் தெரியும். தெரிந்தும், தூக்கத்தை விரட்டிக்கொண்டு, தப்புச் சத்தம் மாறுகிற இடத்துக்காகக் காத்திருக்கிறது. ஒரே புத்தகத்தை நாற்பது தடவை வாசிக்கச் சொல்லிப் பெரியவர்களின் உயிரை வாங்குகிற பிள்ளையும் அதையேதான் செய்கிறது. முடிவு தெரிந்த கதையில், முடிவை நோக்கிப் போகிற ஒவ்வொரு அடியையும் அதனால் முன்கூட்டியே அனுபவிக்க முடிகிறது. மோரிஸ் சென்டக் 1963இல் செய்த 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தில் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போய், ஓரிடத்தில் எழுத்தே இல்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்களை முழுதாக விழுங்கிவிடும். அந்த இடத்தில் பேச்சு நின்று ஆட்டம் மட்டும் நடக்கும். கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, கைக்கு என்ன வந்து சேர்கிறது? கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 290 கிலோமீட்டர். பதுளைதான் அந்தப் பாதையின் கடைசி ஸ்டேசன். புத்தகங்களும் அப்படித்தான் வருகின்றன, எல்லா ஸ்டேசனிலும் நின்று, கடைசியாக. செப்டம்பரில் கொழும்பில் நடக்கிற புத்தகக் கண்காட்சிக்கு லுணுகலையிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போக எத்தனை பேர் செலவழிக்க முடியும்?

ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து நேராகத் தமிழிலேயே அச்சாகிப் புத்தகங்கள் வந்தன. சோவியத் நாடு இருந்தவரைக்கும், அதாவது 1991 வரைக்கும், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் கிடைத்த மிக அழகான, மிக மலிவான படப்புத்தகங்கள் அவைதாம். பனியும் கரடியும் பிர்ச் மரமும். இதெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நியம் இல்லையா என்று அறிஞர்கள் கேட்பார்கள். பனி அந்நியம்தான். ஆனால் குளிருக்கு அடுப்படியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவி அந்நியமில்லை. பண்டாரவளைக் குளிரில் விறகடுப்பின் முன்னால் கை காய்ச்சுகிற பிள்ளை, அந்த அடுப்பு வழியாக ரஷ்யாவுக்குள் நுழைந்துவிடும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு, பிள்ளைகளின் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்ற பேச்சு உலகெங்கும் பரவிவிட்டது. தன் முகத்தைப் பார்க்க ஒன்று, பிறர் வீட்டைப் பார்க்க ஒன்று. சன்னலைத் தாண்டி, திறந்துகொண்டு உள்ளே நடந்துபோகிற கண்ணாடிக் கதவையும் அவர் சொன்னார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கதவு முக்கியம். ரஷ்யக் கிழவியின் அடுப்பு அப்படிப்பட்ட கதவு.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவற்றில் தரமானவை இருக்கின்றன. சென்னையில் 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகமும் 1996இல் தொடங்கிய தூலிகாவும் இந்தியப் படப்புத்தகத்தின் முகத்தையே மாற்றின. இரண்டு மொழிகளை ஒரே பக்கத்தில் அச்சிடும் தூலிகாவின் முறை, சிங்களமும் தமிழும் அருகருகே வாழ்கிற ஊவாவுக்கு அப்படியே பொருந்தக்கூடியது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தைத் திறந்து, படங்களையும் கதைகளையும் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தோடு விட்டிருக்கிறது. பதுளையில் ஓர் ஆசிரியர் அங்கிருக்கிற தமிழ்க் கதையை எடுத்து, சொற்களைத் தன் பிள்ளைகளின் சொற்களாக மாற்றி அச்சிட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

மாற்ற வேண்டியும் இருக்கும். இந்தியப் புத்தகத்தில் 'ரொட்டி' என்று எழுதி, பக்கத்தில் கடையில் விற்கிற பாணின் படத்தைப் போட்டிருப்பார்கள். நமக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, அம்மா கல்லில் தட்டிச் சுட்டு, தேத்தண்ணியோடு தருவது. பாண் பேக்கரியில் வருவது. படத்தையும் சொல்லையும் பொருத்திப் பார்க்கிற வயதில் இரண்டும் பொருந்தாமல் போனால், சொல் பிழை என்று பிள்ளை நினைப்பதில்லை. தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைக்கிறது. நாற்காலியா கதிரையா, சோப்பா சவர்க்காரமா என்பதெல்லாம் அறிஞர்களுக்கு வட்டார வழக்கு ஆராய்ச்சி. நாலு வயதில் அது வாசலிலேயே தடுக்கிற கல். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எழுதப்படுகிறவற்றிலும் இந்தக் கல் உண்டு. பீலி என்ற சொல் வருகிற எத்தனை புத்தகத்தைக் காட்ட முடியும்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் லயத்துப் பிள்ளை சொல்லும் முதற் சொல் அது.

இலங்கைக்குள்ளே, 2005இல் இங்கே வேலையைத் தொடங்கிய 'ரூம் டு ரீட்' நிறுவனம் உள்ளூர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டு வருகிறது. அந்த முயற்சியால் அச்சின் தரமும் ஓவியத்தின் தரமும் உயர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே படத்துக்கு இரண்டு மொழியிலும் எழுத்து என்ற ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் ஓவியர் யாருடையதும் இல்லாத ஒரு வீட்டை வரைந்துவிடுகிறார். சிவப்பு ஓடு, ஒரு தென்னை, ஒரு வேலி. அது குருநாகலாகவும் இருக்கலாம், வவுனியாவாகவும் இருக்கலாம். லயமாக மட்டும் இருக்க முடியாது.

சிபில் வெத்தசிங்க இப்படி யோசிக்கவில்லை. 1927இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்து, 2020இல் மறைந்த அந்த அம்மையார் 1956இல் செய்த 'குட ஹொரா' உலகின் பல மொழிகளுக்குப் போய்விட்டது. குடையே இல்லாத கிராமம். கிரி மாமா டவுனுக்குப் போய் முதன்முதலாகக் குடையைக் காண்கிறார், வாங்கி வருகிறார், வழியில் கோப்பிக் கடைக்குள் நுழைகிறார், வெளியே வந்தால் குடை இல்லை. மறுபடி வாங்குகிறார், மறுபடி இல்லை. ஒரு துளி கூடப் பொதுப்படையாக்காமல், தான் வளர்ந்த தெற்குக் கிராமத்தின் சுவரையும் சேலையையும் கூரையையும் அவர் வரைந்தார். அதனால்தான் ஜப்பானியப் பிள்ளைக்கும் அது பிடித்தது. பொதுவான கிராமம் எங்கும் போகாது. ஒரே ஒரு கிராமம் எங்கும் போகும்.

மலையகத்துக்கு அந்த ஒரே ஒரு இடம் அச்சில் வராமலில்லை. வேண்டிய அளவுக்கு மேலேயே வந்திருக்கிறது, தேயிலைப் பெட்டியின் மேல். தோமஸ் லிப்டன் 1890இல் வந்து ஹப்புத்தளை மலைகளில் தோட்டங்களை வாங்கிய காலத்திலிருந்து, கூடை சுமந்த பெண் உலகெங்கும் பயணம் செய்கிறாள். நெற்றிக் கயிறு, சிரித்த முகம், பின்னால் பச்சை மலை. அந்தப் படம் தூரத்திலிருந்து, நின்ற உயரத்தில், ஒரு துரையின் கண்ணால் பார்த்தது. அவளுடைய பிள்ளை அவளைப் பார்க்கிற உயரம் வேறு. அதன் கண்ணுக்கு நேரே இருப்பது ஈரமான படங்கு. அதற்குக் கீழே சேறு, அட்டை கடித்த கால். மேலே, அண்ணாந்தால், முகம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அம்மாவின் விரல் நுனிகள் கறுத்திருக்கும். அவளுக்கு ஒரு வாசம் இருக்கும். இஸ்தோப்பின் தூணைப் பிடித்துக்கொண்டு அந்த வாசத்துக்காகக் காத்திருக்கிற பிள்ளையின் கண்ணால் வரைந்த ஒரு தோட்டப் புத்தகம், பெட்டி மேலிருக்கிற படத்தோடு சேராது.

நிறத்திலும் இப்படித்தான். தோட்டம் என்றால் பச்சையும் மூடுபனியும் என்று கொழும்பு ஓவியர் முடிவு செய்துவிடுகிறார். அது நுவரெலியா. ஊவாவுக்கு வேறு பருவம். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. தகரம் படபடக்கும், புல் காய்ந்து மஞ்சளாகும், உதடு வெடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசம் இந்தக் காய்ந்த காற்றில்தான் ஏறுகிறது. நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் காற்று என்பதே ஒரு பாத்திரம். அதை வரைந்தால் போதும், எழுத்து காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் 'த ஸ்னோயி டே' என்ற புத்தகத்தில் பனியில் விளையாடுகிற பீட்டர் என்ற கறுப்பினப் பையனை வரைந்தார். அவன் நிறத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. பனி, கால்தடம், குச்சி. ஒரு பையனின் ஒரு நாள். மறு ஆண்டே அமெரிக்காவின் உயர்ந்த படப்புத்தக விருதான கால்டெகாட் அதற்குக் கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். நம்மவர்கள் முதற் பக்கத்திலேயே 'ஏழைத் தொழிலாளியின் மகன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளை தன்னை ஏழைத் தொழிலாளியின் மகனாக நினைத்துக்கொண்டு காலையில் எழும்புவதில்லை.

மலையகச் சிறுகதை இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டது என்பதுதான் வியப்பு. பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், 1979இல் வந்த 'நாமிருக்கும் நாடே' தொகுப்பிலேயே லயத்தின் உள்ளே நின்று எழுதிக் காட்டினார். அறிவிக்காமல் காட்டுகிற அந்தத் தேர்ச்சி பெரியவர்களுக்கான எழுத்தில் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கென்று பேனாவை எடுத்ததும் நம் கை உடனே உபதேசத்துக்குப் போய்விடுகிறது. கதை முடிந்து, கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே 'நீதி'. பிள்ளை அந்தக் கோட்டைக் கண்டதும் புத்தகத்தை மூடுகிறது. அதுவரைக்கும் தன்னோடு விளையாடிக் கொண்டிருந்தவர் திடீரென்று வாத்தியாராகிவிட்டார் என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

துக்கத்தை மறைக்க வேண்டுமா என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அன்று பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்து, திரும்பி வந்தபோது வீடில்லாமல் நின்ற பிள்ளைகள் உண்டு. ஊவாவில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளையும் அடைமழை இரவில் பெரியவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்கிறது. அந்தப் பிள்ளைக்கு மழை என்றால் குடையும் காகிதக் கப்பலும் மட்டும்தான் என்று சொல்கிற புத்தகம் பொய் சொல்கிறது, பிள்ளைக்கு அது தெரியும். மண்சரிவை வரைந்து பயமுறுத்தச் சொல்லவில்லை. எழுத்து மழையின் சத்தத்தை 'சளசள, தடதட' என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே போகட்டும்; படத்தின் ஓர் ஓரத்தில், அப்பா டோர்ச்சோடு கதவோரம் நின்று வெளியே பார்க்கட்டும். பயத்தை அறிந்த பிள்ளை அவரைக் கண்டுகொள்ளும், அறியாத பிள்ளை தாண்டிப் போகும்.

வாசித்துக் காட்டுவது யார்? படப்புத்தக ஆய்வுகளில் எப்போதும் ஓர் அம்மா இருக்கிறாள், ஒரு கட்டில் இருக்கிறது, தூங்கப் போகும் நேரத்தில் ஒரு விளக்கு. லயத்தில் அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் நிற்கிறாள். பகலில் பிள்ளையோடு இருப்பது ஆயாம்மா, இருபது பிள்ளைகளோடு. அல்லது அம்மாயி. பழைய தோட்டப் பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. பெண்பிள்ளையாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிடுவார்கள். எழுபதுகளில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. இன்றைய அம்மாயிமாரில் பலர் அந்த மாற்றத்துக்கு முந்தியவர்கள். எழுத்துள்ள புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தால், பேரப்பிள்ளைக்கு முன்னால் அவர்களைக் கூச வைக்கிறோம்.

எழுத்தே இல்லாத படப்புத்தகம் என்ற வகை மேல்நாட்டில் ஓவியர்களின் சோதனையாகக் கருதப்படுகிறது. இங்கே அதற்கு வேறு பெறுமதி. படங்கள் மட்டும் ஓடுகிற புத்தகத்தை அம்மாயி தன் சொல்லில், தன் ராகத்தில், நாளுக்கு ஒரு விதமாகச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தைக் காணாத ஒருத்தி அந்த வீட்டின் தேர்ந்த வாசகியாகிவிடுகிறாள். பிள்ளை அவளைத் திருத்தும். அவள் பிள்ளையைத் திருத்துவாள். பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கு ஒரு தொகைப் புத்தகம் அச்சிட யாராவது பணம் தந்தால், அதில் பாதியை எழுத்தில்லாததாகச் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆயாம்மாவின் இருபது பிள்ளைகளுக்கு அளவும் முக்கியம். நியூசிலாந்தில் டொன் ஹோல்டவே எழுபதுகளில் பெரிய புத்தகங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததன் காரணம் எளிமையானது: கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் நரி தெரிய வேண்டும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். ஒரு பெரிய தாளை மடித்து வெட்டுகிற கணக்கில் வருகிற எண் அது. முழு வண்ணம், தடித்த தாள். 2022 மார்ச்சில் தாளில்லாமல் மேல் மாகாணப் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்டில் இது லேசான செலவில்லை. ஆனால் காசு போட்டு வாங்கிய புத்தகங்கள் என்ன ஆகின்றன என்பதும் எனக்குத் தெரியும். ஒரு தடவை நான் கொண்டுபோய்க் கொடுத்த கட்டு, அடுத்த வருடம் போனபோது அலுமாரிக்குள் அதே சணல் கயிற்றோடு இருந்தது. 'பிள்ளைங்க கிழிச்சிருவாங்க சேர், கணக்குக் கேட்டா யாரு பதில் சொல்றது?' என்றார் பொறுப்பாளர். அவரைக் குறை சொல்லி என்ன பயன். பொருள் பதிவேட்டில் ஏறிய புத்தகத்துக்குக் கிழியும் உரிமை இல்லை. எரிக் கார்ல் 1969இல் செய்த பசித்த கம்பளிப்புழுப் புத்தகத்தில் பக்கங்களில் ஓட்டை போட்டே அச்சிட்டிருக்கிறார்கள், பிள்ளையின் விரல் நுழைவதற்கென்று. அது நம் அலுமாரிக்கு வந்திருந்தால் பழுதான பொருள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

யார் வரைவது என்ற கேள்விக்குத் தாரா பதிப்பகத்திடமிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. கோண்டு பழங்குடி ஓவியரான பஜ்ஜு ஷியாம் ஒரு உணவகத்தின் சுவரில் வரைய லண்டனுக்குப் போனார். திரும்பி வந்து, தான் கண்டதை வரைந்தார். 2004இல் 'த லண்டன் ஜங்கிள் புக்' வந்தது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலாகிவிட்டது, ஏனென்றால் அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல். நிலத்தடி ரயில் மண்புழுவாக நெளிகிறது. கிராமத்தைப் பார்க்க டவுன்காரர் வந்து வரைகிற வழக்கத்தை அவர் அப்படியே திருப்பிப் போட்டார். லயத்தில் வளர்ந்த ஒருவன் வரைந்தால் கொழும்பு எப்படி இருக்கும்? கட்டடங்களெல்லாம் கவ்வாத்து வெட்டாத தேயிலை மரம் மாதிரி தாறுமாறாக உயர்ந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு ஒரு கதை தயாராகவே இருக்கிறது. பதுளைக்கு ரயில் வந்து நூறு வருடம் ஆகிவிட்டது, 1924இல் வந்தது. அதற்கு முன்னால் தெமோதரையில் மலை குறுக்கே நின்றது. சரிவு அதிகம், ரயில் அவ்வளவு செங்குத்தாக இறங்காது. பொறியியலாளர் விமலசுரேந்திர என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதைப் பார்த்தாராம். துணி தலையைச் சுற்றி வந்து தனக்கே அடியில் நுழைவதைக் கண்டதும் வழி பிறந்ததாம். இது வாய்மொழிக் கதைதான், வரலாற்றாசிரியர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள். வளைவு மட்டும் சத்தியம். ஸ்டேசனை விட்டுப் புறப்படுகிற ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியிலிருக்கிற சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது.

முதற் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய கிழவர், மேடையில், பெட்டி படுக்கையோடு. ரயிலைத் தவற விட்டுவிட்டார். எழுத்து அவரைப் பற்றித்தான் பேசும்: அவர் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, தலைப்பாகையை அவிழ்த்து, உதறி, திரும்பச் சுற்றி... பக்கத்துக்குப் பக்கம் அவர் துணியைச் சுற்ற, பின்னாலே மலையைச் சுற்றி ஒரு சின்னப் புகை இறங்கிக்கொண்டே வரும். அதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. கடைசி இரட்டைப் பக்கத்தில் கிழவர் துணியின் நுனியை அடியில் செருகிவிட்டு, 'போயிருச்சே' என்று தண்டவாளத்தைப் பார்ப்பார். அவர் காலுக்கு நேர் கீழே, சுரங்கத்தின் வாயில், ரயிலின் மூக்கு. பிள்ளை மடுவத்தில் இருபது விரல்கள் நீளும். 'தாத்தா, கீழ! கீழ பாருங்க தாத்தா!'